ஒரு டீ, ஒரு தலைவலி

கதவுக்கு வெளியே

"கூட வந்தவங்க யாரு? அவங்க மட்டும் உள்ள வாங்க."

நர்ஸ் கதவைப் பாதி திறந்து இப்படிச் சொன்னதும் நானும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அவள் என் தோளில் கை வைத்து, "நீங்க இருங்க" என்று உட்கார வைத்தாள். என் மனைவி செண்பகம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

இரண்டு சாரல் சீசனுக்கு முன்னால், தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரி. என் மடியில் பெரிய கவர். அதற்குள் என் தலையின் ஸ்கேன் படம். எதிர்ச் சுவரில், பாதியாக வெட்டிய தலை ஒன்றைக் கலர் கலராக வரைந்து மாட்டியிருந்தார்கள். அந்தப் படத்தில் இருந்தவனுக்குத் தலை பாதியாகப் பிளந்திருந்தும் முகத்தில் ஒரு கவலையும் இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

கொஞ்ச நேரம் முன்பு வரை நானும் உள்ளேதான் இருந்தேன். டாக்டர் சின்ன வயசுப் பெண். "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டாள். "இல்ல டாக்டர்" என்றேன். "சுகர், பிரஷர் மாத்திரை?" "எதுவுமே இல்ல டாக்டர்." அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் சட்டையைப் பார்த்தாள். பிறகு, "கொஞ்சம் வெளியே இருங்க" என்றாள்.

நிஜத்தைத்தான் சொன்னேன். அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன்.

செண்பகம் வெளியே வந்தபோது நெற்றிக் குங்குமம் பக்கவாட்டில் இழுபட்டிருந்தது. முகத்தைத் துடைத்திருக்கிறாள்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. வாங்க, பஸ் வந்துரும்."

இந்த வார்த்தை எனக்குத் தெரியும்

'ஒண்ணுமில்ல' என்ற வார்த்தைக்கு எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் அதை நானே ஒருவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் அப்பா ராயகிரியில் நெல் விவசாயம் பார்த்தவர். ஒரு அறுப்பு முடிந்த சமயம் வயிற்று வலி என்று படுத்தார். நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அன்றைக்கும் இதே மாதிரிதான். அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டார்கள். டாக்டர் சொன்னதில் பாதி புரியவில்லை. புரிந்த பாதியே போதுமாக இருந்தது.

வெளியே வந்தேன். "என்னலே சொல்லுதாரு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லப்பா. வாயுதான்" என்றேன்.

அப்பா தலையை ஆட்டினார். துண்டை உதறித் தோளில் போட்டார். அடுத்த நடவுக்கு அவர் இல்லை. ஒரு நாளாவது அவர் என்னிடம் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையேதான் திரும்பச் சொல்லியிருப்பேன்.

ஆகவே, தென்காசி பஸ் ஸ்டாண்டில் செண்பகத்தின் பக்கத்தில் நின்றபோது எனக்குச் சந்தேகமே இல்லை. எத்தனை மாசம் என்பது மட்டும்தான் தெரியவில்லை.

கைக்குத் தெரிந்த தலை

இந்தத் தொடரை இந்த வாரம்தான் படிக்கிறவர்களுக்கு ஒரு வரி. நான் குற்றாலத்தில் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். படித்தது ஐந்தாம் வகுப்பு. பேச்சு வராது. கை வேலை வரும்.

அருவிக்கு வருகிறவர்கள் தலையைத்தான் முதலில் நீட்டுவார்கள். உச்சியில் எண்ணெய் வைத்து, இரண்டு நெற்றிப்பொட்டையும் கட்டைவிரலால் உருட்டி, காதுக்கு மேலே அழுத்தி, பிறகு பின்னால் இறங்க வேண்டும். பிடரிக்கு மேலே, மண்டை ஓடு முடிகிற இடத்தில் ஒரு வரம்பு மாதிரி எலும்பு ஓடும். அதற்குக் கீழே இரண்டு பக்கமும் கழுத்துச் சதை கயிறு மாதிரி வந்து கட்டியிருக்கும். அந்த முடிச்சில் விரலை வைத்தால் போதும், மில் முதலாளியானாலும் 'ஸ்ஸ்' என்பார்.

எங்களுக்கு இது எல்லாமே நரம்பு. சதையும் நரம்பு, பொட்டில் துடிக்கிறதும் நரம்பு, கழுத்தில் இழுத்துப் பிடிக்கிறதும் நரம்பு. சிலர் கழுத்தைப் பிடித்துச் சொடக்கு எடுப்பார்கள். நான் எடுக்க மாட்டேன். அது என்னவோ எனக்குப் பயம்.

எத்தனையோ தலைவலியை இந்தக் கை இறக்கியிருக்கிறது. என் தலைவலியை அதனால் இறக்க முடியவில்லை. பிடரியில் கிளம்பும், உச்சிக்கு ஏறும், வலது கண்ணுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆரம்பத்தில் சீசன் கூட்டத்தில் குனிந்து குனிந்து வேலை செய்த நாட்களில் மட்டும் வந்தது. பிறகு தினமும். கடைசியில் காலையில் கண்ணைத் திறக்கும்போதே எனக்கு முன்னால் எழுந்து காத்திருந்தது.

அதற்கு நான் செய்தது, அருவிக்கரையில் எல்லாரும் செய்கிறதுதான். இசக்கி டீக்கடையில் பிஸ்கட் பாட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கண்ணாடிப் பாட்டில் இருக்கும். "இசக்கி, ஒரு டீ, ஒரு தலைவலி" என்போம். இசக்கி அட்டையிலிருந்து ஒன்றைக் கிழித்துத் தருவான். டீயோடு உள்ளே போகும். அரை மணி நேரத்தில் வலி இறங்கும். மத்தியானம் ஒன்று. சாயங்காலம் ஒன்று. சட்டைப் பையில் ஒரு அட்டை எப்போதும் கிடக்கும்.

கடைத்தெருவே சேர்ந்துகொண்டது

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாள் காலை சட்டைப் பையைத் தடவினேன். அட்டை இல்லை. வேலைப் பையில் வைத்திருந்ததும் இல்லை.

இசக்கி கடைக்குப் போனேன். "ஒரு டீ, ஒரு தலைவலி."

இசக்கி டீயை மட்டும் வைத்தான். "தலைவலி இல்ல அண்ணாச்சி."

"பாட்டில்ல இருக்குல்லா?"

"அது... பழசு அண்ணாச்சி. டேட் முடிஞ்சு போச்சு." சொல்லிவிட்டுப் பாட்டிலைத் தூக்கிக் கீழே வைத்தான். என் முகத்தை அவன் பார்க்கவில்லை. டீக்குக் காசு கொடுத்தபோது, "இருக்கட்டும் அண்ணாச்சி, பொறவு பாத்துக்கிடலாம்" என்றான்.

இசக்கி அப்படிச் சொல்கிற ஆள் இல்லை.

மேலகரத்தில் எங்கள் தெருமுனை மெடிக்கலுக்குப் போனேன். அங்கேயும், "ஸ்டாக் இல்ல அண்ணாச்சி." அவன் பின்னால் சுவர் முழுக்க மாத்திரை. அதில் எனக்கு மட்டும் ஸ்டாக் இல்லையாம்.

அருவிக்கரையில் இன்னும் மோசம். என்னோடு வேலை செய்கிறவர்கள், வாடிக்கை ஆளுக்காக என்னோடு மல்லுக்கு நிற்கிறவர்கள், "ஏலே, நீ செத்த உக்காரு, நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார்கள். மனுஷன் நல்லா இருக்கும்போது எவன் இப்படிச் சொல்வான்?

செண்பகத்தின் தம்பி பட்டாளத்தில் இருக்கிறான். வடக்கே எங்கேயோ மலையில் காவல். போன் பண்ணினால் அக்காவோடு பேசுவான், எனக்கு 'நல்லா இருக்கீகளா அத்தான்' என்று ஒரு வரிதான். அந்த வாரம் என்னைக் கேட்டு வாங்கிப் பேசினான்.

"அத்தான், எதையும் மனசுல போட்டுக்கிடாதிய. நான் லீவு கேட்டிருக்கேன். அடுத்த மாசம் வந்துருவேன்."

"எதுக்குய்யா லீவு?"

"சும்மாதான் அத்தான். கோயில் கொடை வருதுல்லா."

கொடைத் திருவிழா எல்லா வருஷமும்தான் வருகிறது.

இதற்கு நடுவில் வலி இன்னும் ஏறியது. முன்பு வந்ததெல்லாம் ஒரு வலியா என்று கேட்கிற மாதிரி. வாந்தி வந்தது. ஒரு நாள் ஒரு பெரியவர் தலையில் எண்ணெய் வைக்கும்போது பாட்டில் கை நழுவிக் கல்லில் விழுந்து உடைந்தது. செண்பகத்திடம் சொன்னால், "பொறுத்துக்கிடுங்க. இன்னும் கொஞ்ச நாள்தான்" என்றாள்.

இன்னும் கொஞ்ச நாள்தான்! அவள் வாயாலேயே வந்துவிட்டது.

இத்தனை 'நோ' எதற்கு?

செண்பகம் கோயிலுக்குப் போயிருந்த ஒரு மாலை, பீரோவின் மேலிருந்து ஸ்கேன் கவரை எடுத்தேன். படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். ஒரே தாளில் என் தலை பல துண்டுகளாக இருந்தது. சீசனில் குற்றாலத்தில் மங்குஸ்தான் விற்பார்களே, அதைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. சுற்றிலும் தடித்த ஓடு, உள்ளே சுளை சுளையாக. இடது பக்கச் சுளையும் வலது பக்கச் சுளையும் ஒன்றா என்று பார்த்தேன். ஒன்று போலத்தான் இருந்தது. பிறகு வலது பக்கம் கொஞ்சம் பெரிசாகத் தெரிந்தது. பிறகு இடது பக்கம்.

கூடவே டைப் அடித்த ஒரு தாள். முழுக்க இங்கிலீஷ். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளில் ஒன்று 'நோ'. 'நோ பார்க்கிங்', 'நோ ஸ்மோக்கிங்' என்று போர்டுகளில் பார்த்துப் பழகியது. அந்தத் தாளில் வரிக்கு வரி 'நோ' இருந்தது.

ஒருவனுக்கு ஒன்றும் இல்லையென்றால் ஒரு தடவை இல்லை என்று எழுதினால் போதாதா? இத்தனை தடவை அடித்துச் சொல்கிறார்கள் என்றால் எதையோ மூடுகிறார்கள்.

அல்லது அது வேறு 'இல்லை'யோ. பிழைக்க வழி இல்லை, மருந்து இல்லை, ஆபரேஷன் இல்லை.

யாரிடமாவது காட்டிப் படிக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் யாரிடம்? எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. படிக்கிறவரும் தாளைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, அந்த வார்த்தையைத்தான் சொல்வார்.

ஒரே ஒரு கேள்வி

கடைசியில் ஒரு காலை, அருவிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன். தென்காசி வரும்வரை ஒரே ஒரு கேள்வியை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். பெரிய மனுஷர்கள் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் சின்னக் கேள்வியாக வைத்துக்கொண்டேன்.

டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். நர்ஸ், "கூட யாரும் வரலியா?" என்றாள். "இல்ல. இன்னைக்கு நான் மட்டும்தான்" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

டாக்டர் நிமிர்ந்ததும் கேட்டுவிட்டேன். "எத்தனை மாசம் டாக்டர்?"

"எது எத்தனை மாசம்?"

"எனக்கு."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு என்ன? யார் என்ன சொன்னாங்க?"

"யாரும் எதுவும் சொல்லல டாக்டர். அதான்."

அவள் கவரை வாங்கி, படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினாள். மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் மண்டை ஓடு இருந்தது. அதை என் பக்கம் நகர்த்தி, "எங்க ஆரம்பிக்குது, எங்க போகுதுன்னு இதுல காட்டுங்க" என்றாள்.

கை தானாகப் போனது. பின்பக்கத்தில் அந்த வரம்பு எலும்பு. இத்தனை வருஷமாகத் தோலுக்கு மேலிருந்து தடவியதை முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன். விரலுக்குத் தெரிந்த மாதிரியே இருந்தது, மேடும் பள்ளமும். "இங்கன இருந்து கிளம்பி, இப்படி ஏறி, இங்கன வந்து நிக்கும்" என்று கண் குழியைத் தொட்டேன்.

"நல்லாவே காட்டுறீங்க" என்றாள். "கழுத்துச் சதை இந்த எலும்புலதான் கட்டியிருக்கு. கழுத்து நரம்பும் முகத்து நரம்பும் உள்ள ஒரே இடத்துல போய்ச் சேருது. அதனால பின்னால புடிக்கிறது கண்ணுல வலிக்கிற மாதிரி தெரியும். மூளையில கோளாறுன்னு இல்ல, ஸ்கேன்லயும் எல்லாம் சரியா இருக்கு. சொல்லப்போனா மூளைக்கு வலியே தெரியாது."

எனக்குச் சுருக்கென்றது. பொய் சொல்லத் தொடங்கிவிட்டாள் என்று நினைத்தேன். ஊரில் உள்ள வலியெல்லாம் மூளைக்குத்தான் தெரிகிறது என்கிறார்கள், அதற்கு வலி தெரியாதாமே!

"அப்ப வலிக்கிறது எது டாக்டர்?"

"சுத்தி இருக்கிறதெல்லாம். மூளைக்கு மேல உறை இருக்கு, அதுக்கு வலி தெரியும். அதுல ஓடுற ரத்தக் குழாய்க்குத் தெரியும். பொட்டுச் சதை, தாடைச் சதை, கழுத்துச் சதை, மேல தோலு, எல்லாத்துக்கும் தெரியும். மூளையில மட்டும் தொட்டாலும் தெரியாது. சில ஆபரேஷன்ல ஆளை முழிக்க வச்சு, பேச விட்டுக்கிட்டே பண்ணுவாங்க."

அதையும் நான் நம்பவில்லை.

"உங்க வலிக்குக் காரணம் மாத்திரை. வலி மாத்திரையைத் தினம் போட்டா அதுவே வலியைக் கொண்டுவரும். மருந்து வேகம் இறங்கினதும் வலிக்கும், மறுபடி போடுவீங்க, மறுபடி வலிக்கும். நிறுத்தினா முதல்ல வலி கூடும், அப்புறம் விட்டுரும். உங்க வீட்டம்மாகிட்ட இதைச் சொல்லி, உங்ககிட்டயும் சொல்லச் சொன்னேனே?"

"நான்தான் மாத்திரையே சாப்பிடுறதில்லையே டாக்டர்."

"சட்டைப் பையில அட்டை எட்டிப் பாத்துச்சு. நீங்க கூச்சப்படுறீங்கன்னுதான் அவங்களைத் தனியாக் கேட்டேன். தினம் மூணு, நாலுன்னாங்க."

"அது மாத்திரை இல்ல டாக்டர். தலைவலி."

அவளுக்குப் புரியவில்லை. சுகருக்கும் பிரஷருக்கும் எழுதிக் கொடுப்பதுதான் மாத்திரை. டீக்கடையில் வாங்குவது தலைவலி. இசக்கி கடையில் எப்படிக் கேட்போம் என்று சொன்னேன். டாக்டர் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

"சரியான பேருதான் வச்சிருக்கீங்க. கேட்டதைத்தானே அவரு குடுத்திருக்காரு!"

பிறகு கேட்டாள், "இன்னைக்குக் காலையில வலிச்சுதா?"

யோசித்தேன். கேள்வியைச் சொல்லிப் பார்ப்பதிலேயே காலை போய்விட்டது. நேற்று? நேற்றும் எழும்போது வலி இல்லை. முந்தாநாள்? அன்றைக்குத்தான் ஸ்கேன் கவரைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அப்போதும் இல்லை. சாகப் போகிறோம் என்ற கவலையில் வலி நின்றதைக் கவனிக்கவில்லை.

டாக்டர் சொன்னதை அப்போதும் முழுதாக நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் அதை யாரையும் கூப்பிடாமல் நேராக என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். எனக்குக் கிடைத்த சாட்சி அது ஒன்றுதான்.

அடுக்களையில்

வீட்டுக்கு வந்தபோது செண்பகம் அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் வழக்கத்தை விடச் சீக்கிரம் வந்ததால் பயந்து எழுந்தாள்.

"டாக்டர்கிட்ட போயிட்டு வாறேன்" என்றேன்.

கீரைக்கட்டு கீழே விழுந்தது. "உங்ககிட்ட சொல்லிட்டாளா?"

"மாத்திரைதான் காரணம்னு சொன்னா. நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அது மட்டுமா சொன்னா?"

"வேற என்ன இருக்கு?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அழுகைக்கு நடுவே வந்ததைத் தொகுத்துச் சொல்கிறேன். டாக்டர் சொன்ன மாத்திரைக் கதையை அவளும் நம்பவில்லை. "மாத்திரை தின்னா தலைவலி போகும். எங்கயாவது வருமா? நிசத்த சொன்னா தாங்க மாட்டா, அதான் பொம்பளைக்கு ஏத்த மாதிரி ஒரு கதைய சொல்லுதாள்னு நெனச்சேன். நிசம் எனக்கே தெரியாம உங்ககிட்ட நான் என்னத்த சொல்ல?"

இருந்தாலும் டாக்டர் சொன்னபடி செய்துவைப்போம் என்று கடை கடையாகப் போய் எனக்கு மாத்திரை கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறாள். ஏன் என்று கேட்டவர்களிடம் பதில் சொல்ல முடியாமல் அழுதிருக்கிறாள். தம்பிக்குப் போன் பண்ணியும் அழுதிருக்கிறாள். அதற்குப் பிறகு அவர்கள் என்னை வேறு எப்படிப் பார்ப்பார்கள்?

ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே சாவுக்குத் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறோம்.

அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "மண்ட இடிக்குது" என்றாள்.

எனக்குக் கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ஊரார் தலையையெல்லாம் தொட்ட நான் இவள் தலையில் எண்ணெய் வைத்ததில்லை. கூலிக்குச் செய்கிற வேலையை வீட்டில் எப்படிச் செய்வது என்று ஒரு கூச்சம். அன்றைக்கு அவள் பின்னால் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்து, பிடரியில் விரல் வைத்தேன். பாக்கு மாதிரி இறுகிக் கிடந்தது.

"ஏட்டி, எத்தனை நாளா வலிக்குது?"

"கொஞ்ச நாளாத்தான்."

"எப்ப வருது?"

"காலையில எந்திரிக்கும்போதே."

என் விரல் நின்றுவிட்டது. "அதுக்கு என்ன செய்யுதே?"

கீழே கிடந்த கீரையைப் பொறுக்க ஆரம்பித்தாள். கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் சொன்னாள். "உங்க பையில இருந்து எடுத்தத தூர எறிய மனசு வரல. பயத்துல தல வலிச்சுது, ஒண்ணு போட்டேன். கேட்டுச்சு. பொறவு தெனமும் போட்டேன். அது தீந்ததுக்கப்புறம் இசக்கி கடையிலதான் வாங்குதேன்."

மறுநாள்

காலையில் முதல் வேலையாக இசக்கி கடைக்குப் போனேன். சாரல் தூறிக்கொண்டிருந்ததால் உள்ளே நல்ல கூட்டம். இசக்கி டீ ஆற்றிக்கொண்டிருந்தான்.

"இசக்கி, இனிமே எங்க வீட்டுல வந்து கேட்டாலும் தலைவலி குடுக்காதே."

ஆற்றிய கை அந்தரத்தில் நின்றது. "அக்காவுக்குமா அண்ணாச்சி?" என்றான். கடையில் இருந்த அத்தனை பேரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து எனக்கு இடம் விட்டார்.

அத்தனை பேர் முன்னால் நான் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. உட்காராமல், நின்றபடியே, மூளைக்கு வலி தெரியாது என்பதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். உறை, ரத்தக் குழாய், கழுத்துச் சதை, மாத்திரை என்று வரிசையாக, என் பிடரியைத் தொட்டுக் காட்டிச் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டார்கள். ஒருவரும் நம்பவில்லை.